28 வயதில் பூட்டப்படும் வாசல்

தாதியர் பயிற்சிக்கு ஆட்சேர்க்கும்போது இலங்கைச் சுகாதார அமைச்சு வெளியிடும் வர்த்தமானி அறிவித்தல்களில் ஒரு நிபந்தனை தவறாமல் இருக்கும்: விண்ணப்பதாரி 18 வயதுக்குக் குறையாமலும் 28 வயதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். கூடவே க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியும் வேண்டும். அந்தப் பரீட்சையும் அறிவித்தல் குறிப்பிடும் ஒருசில வருடங்களுக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். பெரிய பட்டணத்தில் இருந்து வாசிப்பவருக்கு இது வழக்கமான நிர்வாக ஒழுங்காகவே தோன்றும். வண்ணாத்திவில்லில் நிலைமை வேறு. புத்தளத்திலிருந்து வடக்கே எழுவங்குளம் போகும் வீதியில், வில்பத்துக் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்தப் பிரதேசத்தில் 35 வயதுப் பெண் ஒருத்தி, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஒரு தொழில் படிக்கலாம் என்று நினைத்தால், நாட்டிலேயே ஆள் தட்டுப்பாடு கூடிய தொழில்களில் ஒன்று அவளுக்கு ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும் என்பதே என் வாதம். நடுவயதில் தாதியாக வர விரும்புகிறவர்கள்மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. நோயாளிக்கும் அரசாங்கத்துக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக இப்படியான கரையோரப் பிரதேசங்களுக்கும் இதனால் ஆதாயம் இருக்கிறது.

முதலில் ஊரைப் பார்ப்போம். சேரக்குளியிலும் கங்கேவாடியிலும் மீன்பிடி, உள்ளே கஜுத் தோட்டங்கள், அறுவைக்காட்டில் சீமெந்துக்காகத் தோண்டும் சுண்ணாம்புக்கல், அதற்கும் அப்பால் வெளிநாட்டுக்குப் போய் அனுப்பும் பணம். பெரும்பாலான குடும்பங்களின் சீவியம் இவற்றில்தான் ஓடுகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பிரதேசங்களில்தான் வந்து குடியேறினார்கள். அன்று பத்து வயதில் முகாமுக்கு வந்த பிள்ளைக்கு இன்று வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. படிக்க வேண்டிய வருடங்களில் கூரையும் தண்ணீரும் தேடிய தலைமுறை அது. உயர்தர விஞ்ஞானமோ இடம்பெயராத பிள்ளைகளுக்கே எட்டாக்கனி. நாட்டில் 10,000க்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள் இருந்தும், விஞ்ஞானப் பிரிவு இருப்பது ஏறத்தாழ 1,000 பாடசாலைகளில்தான். அவையும் பெரும்பாலும் பட்டணங்களைச் சுற்றியே இருக்கின்றன. பாடசாலை இடையில் முறியாத, பக்கத்தில் ஆய்வுகூடம் உள்ள, இருபதுகளில் கல்யாணமும் பிரசவமும் குறுக்கிடாத ஒருவரை மனதில் வைத்தே 28 என்ற எல்லை போடப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட வாழ்க்கை இந்தக் கரையில் அபூர்வம்.

வயதைப் பற்றிய இந்த நம்பிக்கை தாதியத்தோடு கூடப் பிறந்ததும் இல்லை. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820இல் பிறந்தவர். ஜேர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் அவர் முறையாகப் பயிற்சி பெற்றது 1851இல், 31 வயதில். வீட்டார் எதிர்ப்பினால் தள்ளிப்போன பயிற்சி அது. கிரிமியப் போர் வைத்தியசாலைக்கு 1854இல் போகும்போது அவருக்கு 34 வயது. 1860இல் லண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பாடசாலை, மாணவிகளுக்கு விரும்பத்தக்க வயது 25 முதல் 35 வரை என்று தன் விதிகளில் எழுதிவைத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபடையின் தாதியருக்குப் பொறுப்பாக இருந்த டொரத்தியா டிக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 1862இல் 35க்கும் 50க்கும் இடைப்பட்ட பெண்களையே கேட்டார். அவரே அந்தப் பொறுப்பை ஏற்றது 59 வயதில். அந்தக் காலத்து விதிகளில் பெண்களின் ஒழுக்கம் பற்றிய சந்தேகமும் கலந்திருந்தது. அதை அப்படியே போற்ற வேண்டியதில்லை. ஆனால் நவீன தாதியத்தின் முதல் தலைமுறை, முதிர்ந்த வயதைக் குறையாக எண்ணவில்லை என்பது பதிவில் இருக்கிறது. இளவயது எல்லை பின்னால் வந்தது. பாடசாலை முடித்தவுடன் பயிற்சி, பயிற்சி முடிந்தவுடன் நிரந்தர நியமனம், கடைசியில் ஓய்வூதியம் என்ற அரச உத்தியோக ஒழுங்கோடு பொருந்துவது அது. நோயாளியின் தேவையிலிருந்து பிறந்த எல்லையென்று அதைச் சொல்ல முடியாது.

நடுவயதில் வரக்கூடியவர்கள் யார்? வளைகுடா நாடுகளில் வருடக்கணக்காக வீட்டுவேலை செய்து திரும்பியவர்களில் பலர், அங்கே உண்மையில் செய்தது படுத்த படுக்கையாய்க் கிடந்த முதியவரைப் பராமரிக்கும் வேலை. குளிப்பாட்டி, உணவூட்டி, நேரத்துக்கு மருந்து கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். வைத்தியசாலைச் சிற்றூழியர்கள் இருக்கிறார்கள். விடுதியின் ஒழுங்கு அவர்களுக்கு மனப்பாடம். முன்பள்ளி ஆசிரியைகள், சங்கங்களில் கணக்கு வைப்பவர்கள், கடை நடத்தியவர்கள், கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள் என்று வரிசை நீளும். இலங்கையில் உழைக்கும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். மீதிப்பேர் சும்மா இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர்கள் செய்யும் பராமரிப்பு வேலைக்குச் சம்பளமும் இல்லை, சான்றிதழும் இல்லை.

ஆனால் வீட்டில் நோயாளி பார்த்ததும் தாதியமும் ஒன்றல்ல. பக்கவாதம் வந்து அசையாமல் கிடக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். பயிற்சி பெற்ற தாதி அவரைக் குறித்த நேர ஒழுங்கில் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கிறாள். மாற்றும்போது குதிக்கால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களை வெளிச்சத்தில் பார்க்கிறாள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கிறாள். வெளிறி மீண்டும் சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. அழுத்தியும் வெளிறாமல் அப்படியே சிவந்திருந்தால், தோல் கிழியாவிட்டாலும் உள்ளே படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. சுவாசத்தை முழு ஒரு நிமிடம் எண்ணுவதும் இப்படித்தான். காய்ச்சலும் பிரஷரும் பெரிதாக மாறுவதற்கு முன்பே நோயாளி சரிந்துகொண்டு போவதைச் சுவாச எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும். அவசர விடுதியில் முதலில் கைவிடப்படுவதும் அதை எண்ணும் வேலைதான். இவையெல்லாம் வயதால் தானாக வந்துவிடாது, படித்துத்தான் வரவேண்டும். அமெரிக்கத் தாதிய ஆய்வாளர் பட்ரீசியா பென்னர் 1984இல் எழுதிய நூல், தாதி ஒருவர் தொடக்கநிலையிலிருந்து தேர்ச்சிநிலைக்குப் படிப்படியாக ஏறுவதை விளக்குகிறது. புதிய துறைக்குள் வருகிறவர் எவ்வளவு வாழ்ந்தவராக இருந்தாலும் அங்கே தொடக்கநிலையில்தான் நிற்கிறார் என்பது அதன் பாடங்களில் ஒன்று.

முதல் ஆட்சேபனை இங்கேதான் எழும்: வயது எல்லையைத் தளர்த்தினால் தரம் இறங்கிவிடாதா? நியாயமான பயம். லின்டா எய்க்கனும் கூட்டாளிகளும் 9 ஐரோப்பிய நாடுகளின் 300 வைத்தியசாலைகளில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சை நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அனுமதிக்கப்பட்ட 30 நாளுக்குள் மரணம் நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு 7 கூடுகிறது. தாதியரில் பட்டம் பெற்றவர்கள் பத்து வீதம் கூடினால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு 7 குறைகிறது. இந்த ஆய்வை இரண்டு பக்கமும் வாசிக்க வேண்டும். ஆள் குறைந்தாலும் உயிர் போகும், படிப்பு குறைந்தாலும் உயிர் போகும். ஆகவே நடுவயதினருக்கென்று குறுக்குவழிப் பயிற்சியும் இலகுவான பரீட்சையும் கேட்பது தவறு. அதே 3 வருடம், அதே பாடத்திட்டம், அதே இறுதிப் பரீட்சை. வயது என்ற நிபந்தனை மட்டும் போகட்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: எய்க்கனின் ஆய்வு தரத்தை அளந்தது படிப்பாலும் ஆள்பலத்தாலும். நம் விதியோ பிறந்த திகதியால் அளக்கிறது.

நாற்பதில் படிப்பு ஏறுமா என்பது அடுத்த கேள்வி. மனப்பாடம் இருபதில் இருந்த வேகத்தில் இருக்காது. அதை மறைக்கத் தேவையில்லை. மருந்துப் பெயர்களும் நோயாளியின் டிக்கட்டில் வைத்தியர் எழுதும் சுருக்கங்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இரசாயனமும் உயிரியலும் தொடாதவருக்கு உடற்றொழிலியல் முதல் மாதங்களில் திணறடிக்கும். ஆனால் தாதியின் தினசரிக் கணக்கு எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஒரு லீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறது. குழாய் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விடும் வகை. 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் பிரித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. சாதாரண தரக் கணிதம் இதற்குப் போதும். தேவைப்படுவது, இரவு மூன்று மணிக்கும் அந்தக் கணக்கை இன்னொருமுறை போட்டுப் பார்க்கும் பொறுமை. விஞ்ஞான அத்திவாரம் இல்லாததற்கு மருந்து, ஒரு வருட முன்னாயத்தப் பாடநெறி. பிரித்தானியாவில் பாடசாலையை இடையில் விட்ட பெரியவர்கள் பல்கலைக்கழகத் தாதியப் படிப்புக்கு வருவது இத்தகைய நுழைவுப் பாடநெறிகள் வழியாகத்தான். அங்கே தாதியப் படிப்புக்கு உச்ச வயது என்று எதுவும் கிடையாது.

உடம்பு தாங்குமா? இந்த ஆட்சேபனையில் உண்மை கூடுதலாகவே இருக்கிறது. நோயாளியைத் தூக்கித் திருப்பி முதுகு போன தாதியர் உலகம் முழுவதும் உண்டு. இரவு வேலை தூக்கத்தையும் சீனி அளவையும் குழப்பும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வரும் களைப்பும் சேர்ந்துகொள்ளும். இவற்றைத் தெரிந்துகொண்டே ஒருவர் வரவேண்டும். ஆனாலும் அரசாங்கம் இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. 57, 58 வயதுத் தாதியரை இன்றும் இரவுக் கடமைக்குப் போட்டுவிட்டு, 38 வயதுப் பெண்ணிடம் உனக்கு உடம்பு தாங்காது என்று எப்படிச் சொல்வது? உடற்தகுதி வேண்டுமென்றால் அதற்கு மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அது ஆளைப் பார்த்துச் சொல்லும். நோயாளியை நகர்த்த வழுக்கு விரிப்பு, உயரம் மாற்றும் கட்டில், இரண்டு பேராய்த் தூக்கும் விதி ஆகியவை இருந்தால் நாற்பதுக்காரியின் முதுகோடு இருபதுக்காரியின் முதுகும் தப்பும். அத்தோடு தாதியம் முழுவதும் சத்திரசிகிச்சை விடுதிக்குள் அடங்கியதில்லை. சீனி வருத்தக் கிளினிக், சிறுநீரக இரத்தச் சுத்திகரிப்பு, மனநலம், முதியோர் பராமரிப்பு, புண்ணுக்கு மருந்து கட்டுதல் என்று நிதானமும் பேச்சும் கூடுதலாக வேண்டிய இடங்கள் எத்தனையோ.

கடைசியில் பணத்துக்கு வருவோம். பயிற்சிக் காலத்தில் அரசாங்கம் கொடுப்பனவு தருகிறது. அந்தச் செலவை நீண்டகாலம் உழைக்கும் ஒருவருக்குச் செய்வதே புத்திசாலித்தனம் என்பார்கள். 2022இல் அரச ஊழியரின் ஓய்வு வயது 60 என்று தீர்மானிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 28 வயதில் பயிற்சிக்கு வருபவர் 31இல் முடித்து 29 வருடம் உழைக்கலாம். 40இல் வருபவர் 43இல் முடித்து 17 வருடம். கடதாசியில் 29தான் பெரிது. ஆனால் அந்த 29 வருடமும் எங்கே கழியும்? 2022 நெருக்கடியில், அரச ஊழியர் 5 வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமே சுற்றறிக்கை விட்டது. இளம் தாதியருக்குப் போவதற்குக் கால்கட்டுக் குறைவு; அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. நாட்டுக்குள் இருப்பவர்களும் தூரப் பிரதேச நியமனத்தை ஏற்றுவிட்டு, கட்டாயக் காலம் முடியும் நாளை எண்ணி இடமாற்றம் கேட்கிறார்கள். வண்ணாத்திவில்லில் வீடும் வளவும் பிள்ளைகளின் பாடசாலையும் உள்ள ஒருத்தி இடமாற்றம் கேட்டு எங்கே போகப்போகிறாள்? ஒரு கிராமப் பகுதிக்குத் தொடர்ந்து கிடைக்கும் 17 வருடம், வருவதும் போவதுமாய்க் கழியும் 29 வருடத்தைவிடக் கனதியானது.

மொழியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தப் பிரதேசத்தில் தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் கலந்து வாழ்கிறார்கள். சிறிய வருத்தத்துக்கு உள்ளூர் வைத்தியசாலை, பெரிய வருத்தத்துக்குப் புத்தளம் தள வைத்தியசாலை, அதற்கும் மேலே சிலாபம். நெஞ்சு "குத்துகிறதா, அமத்துகிறதா, எரிகிறதா" என்று தாதி கேட்பதிலும், மூதாட்டி அதற்குச் சொல்லும் பதிலிலும்தான் மாரடைப்புக்கும் வாய்வுக்குமான முதல் வேறுபாடு இருக்கிறது. கரையில் பிறந்து இரண்டு மொழியிலும் சந்தைக்குப் போய்வந்த நடுவயதுப் பெண்ணுக்கு அந்தக் கேள்வியை இரண்டு மொழியிலும் கேட்கத் தெரியும். கொழும்பில் எந்தப் பாடநெறியிலும் மூன்று மாதத்தில் வராத தகுதி இது.

இளைஞரின் வேலையை முதியவர்கள் பறிப்பதா என்றும் கேட்கலாம். ஆட்கள் நிறைந்த துறையில் அது சரியான கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை, 2023இல் உலகம் முழுவதும் 58 லட்சம் தாதியர் பற்றாக்குறை இருந்ததாகக் கணிக்கிறது. இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு எட்டுப்பேர் அளவில் இருந்த 65 வயதுக்கு மேற்பட்டோர், 2024 மதிப்பீட்டில் 12ஐத் தாண்டிவிட்டார்கள். முதியோர் பெருகப் பெருகத் தாதியின் வேலையும் பெருகும். மற்ற நாடுகள் இதற்கு முன்கூட்டியே வழி தேடியிருக்கின்றன. சிங்கப்பூர், வேறு தொழிலில் இருப்பவர்களைத் தாதியராக்கும் தொழில்மாற்றத் திட்டத்தைப் பல வருடமாக நடத்துகிறது. அவர்கள் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வழக்கமான 3 வருட டிப்ளோமாவை 2 வருடத்தில் முடிக்கலாம். படிக்கும் காலத்தில் உதவிப்பணம், முடித்தபின் குறித்த காலச் சேவைக்கு ஒப்பந்தம். அமெரிக்காவில் வேறு பட்டம் வைத்திருப்பவர் ஒன்று, ஒன்றரை வருடத்தில் தாதியப் பட்டம் பெறும் வழி உண்டு. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம்கூட, இந்தியத் தாதியர் கவுன்சில் டிப்ளோமாப் படிப்புக்கு 35 வயது வரை அனுமதிக்கிறது.

விதி மாறும்வரை, இப்போது முப்பதையும் நாற்பதையும் தாண்டியவர்கள் என்ன செய்யலாம்? அரச தாதியர் நியமனம் இல்லை என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் பராமரிப்பாளர் பயிற்சி தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழோடு கிடைக்கிறது. வெளிநாட்டில் முதியோர் பார்த்த அனுபவம் உள்ளவர்கள், முன்பே கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறையையும் விசாரிக்கலாம். ஜப்பான் 2019இல் இலங்கையோடு செய்த உடன்பாட்டின் கீழ், மொழிப் பரீட்சையும் பராமரிப்புத் திறன் பரீட்சையும் சித்தியடைந்தவர்களை எடுக்கிறது. தனியார் நிறுவனங்கள் தாதியர் டிப்ளோமா என்று விளம்பரம் செய்தால், கட்டணத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதை முடித்தால் இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு கிடைக்குமா? அதற்கு எழுத்தில் பதில் தராத இடத்தில் நகையை அடகுவைத்துப் பணம் கட்டக்கூடாது. பராமரிப்பாளர் சான்றிதழும் தாதியர் பதிவும் வெவ்வேறு. முன்னதைப் பின்னதாகக் காட்டி விற்பவர்களிடம் ஏமாறுவது சுலபம்.

அரசாங்கம் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ஒவ்வொரு பயிற்சித் தொகுதியிலும் பத்தில் ஓர் இடத்தை 28க்கும் 45க்கும் இடைப்பட்டோருக்கு ஒதுக்கலாம். விஞ்ஞானப் பிரிவு இல்லாதவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வருட முன்னாயத்தப் பாடநெறியைப் புத்தளம் போன்ற நகரங்களில் நடத்தலாம். படித்து முடித்தவர் தன் மாவட்டத்திலேயே பத்து வருடம் சேவை செய்ய ஒப்பந்தம் எழுதலாம். சந்தேகம் உள்ளவர்களுக்காக முதலில் ஒரே ஒரு தொகுதியோடு தொடங்கட்டும். இளையவர்களும் நடுவயதினரும் ஒரே பரீட்சையை எழுதட்டும். ஐந்து வருடம் கழித்து நான்கு விடயங்களை எண்ணிப் பார்க்கலாம்: எத்தனை பேர் சித்தியடைந்தார்கள், எத்தனை பேர் நோய்விடுமுறை எடுத்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை பேர் இடமாற்றம் கேட்டார்கள். நாற்பதுக்காரிகள் தோற்றால் பழைய எல்லையை ஆதாரத்தோடு மீண்டும் போட்டுக்கொள்ளலாம். இப்போது அந்த எல்லைக்கு வழக்கத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.